நாயின் சாயலும் ஓவியன் கையும்

கொழும்பு மாநகரில், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும், கிராமபோன் பெட்டி வீட்டுக் கூடத்தில் நடுநாயகமாக வீற்றிருந்த காலம் ஒன்று உண்டு. இசைத்தட்டின் நடுவே, குழலின் வாயிற் செவிகொடுத்து அமர்ந்திருக்கும் வெண்ணாயைக் கண்டறியாத சிறுவர் அந்நாளில் அரியர். எம். எஸ். சுப்புலட்சுமி அவர்களின் இன்னிசையும் அந்நாயின் காவலிலேயே பல இல்லங்களிற் புகுந்தது. எனினும் அது வணிகக் குறிக்காகக் கற்பனையிற் படைக்கப்பட்டதன்று. பெயர் பெற்று வாழ்ந்து மறைந்த ஒரு நாயின் தைலவர்ணச் சித்திரமாகும். நாயின் உருவை எழுதும் கலை எத்தகையது என்பதை விளக்க அதனினும் ஏற்ற சான்று கிடைப்பது அரிது.

நாயைச் சித்திரித்தல் வேறு. ஒரு நாயைச் சித்திரித்தல் வேறு. சிவாலயங்களில் வைரவக் கடவுளின் பின் நிற்கும் நாய் பொதுமை வாய்ந்தது. இன்னாருடைய நாய் என்று அதனை எவரும் வினவுவதில்லை. ஆனால் திருவண்ணாமலைப் பகுதியிலுள்ள எடுத்தனூர் நடுகல்லிலே நாயின் உருவத்தோடு அதன் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது. மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அக்கல், வீரனொருவனின் உருவோடு, கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் நாயையும் காட்டுகின்றது. ஏழாம் நூற்றாண்டிலேயே தமிழ் நிலத்தில் நாயொன்று தன் பெயரோடு கல்லில் நின்றதென்பது எண்ணி மகிழத்தக்கது. பெயரைக் கல்லிற் பொறித்தல் எளிது. சாயலைப் பிடித்தலே கடினம்.

கடினமாவதற்குக் காரணம் வெளிப்படை. மனிதனை அசையாதிரு எனக் கேட்டுக்கொள்ளலாம். நாயிடம் அது செல்லாது. ஆதலின் ஓவியன் முதலில் நாடுவது பென்சிலையே. நாய் உறங்கும்பொழுதும், வாயிலைப் பார்த்திருக்கும்பொழுதும், ஓசை கேட்டுத் தலை சாய்க்கும்பொழுதும் அரை நிமிடக் கோடுகளாகப் பல தாள்களில் அதனைச் சேமித்துக்கொள்ளல் வேண்டும். ஒரு தாளில் செவி மட்டும் இருக்கும். மற்றொன்றில் மூக்கும் தாடையும் கூடும் இடம் மட்டும். இச்சேமிப்பே பின்னர் சித்திரமாகின்றது. நிழற்படம் துணை செய்யுமாயினும் அதனை மட்டும் நம்பியவர் கை, நாயின் கணநேரத் தோற்றத்தைப் பெறுமேயன்றி அதன் இயல்பைப் பெறாது.

பென்சில் வேலையிலே தொடக்கத்தார் செய்யும் பெரும் பிழை உரோமத்திலிருந்து தொடங்குவது. முதலில் மண்டையின் கட்டு, அடுத்துக் கண்களிரண்டிற்கும் மூக்கிற்கும் இடையேயுள்ள முக்கோணம். இவை வழுவினால், ஆயிரம் மயிர் எழுதினும் அது அயல்வீட்டு நாயாகவே முடியும். உரோமம் மூக்கிலிருந்து பின்னோக்கி, நெற்றியிற் பிரிந்து, செவியடியிற் சுழித்துச் செல்லும். பென்சிற் கோடும் அவ்வழியே செல்லல் வேண்டும். வன்மையான எச் வகைப் பென்சில் அளவிடுதற்கும், மென்மையான பீ வகை கருநிழலுக்கும் உரியவை. கண்மணியில் மின்னும் ஒளிப்புள்ளியை அழிறப்பரால் பின்னர் எடுப்பதினும், தாளின் வெண்மையை அவ்விடத்தில் முதலிலிருந்தே விட்டுவைத்தல் நன்று. மீசை மயிருக்கு மழுங்கிய ஊசியால் தாளை முன்னரே அழுத்திக் கீறிவிட்டால், மேலே நிழலிடும்பொழுது அக்கீறல் வெண்கோடாக எஞ்சும்.

தைலவர்ணத்தின் இயல்பு வேறு. அது நீர் வற்றி உலர்வதன்று. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஒட்சிசனோடு கூடி இறுகுவது. எனவே அடிப்பூச்சை டர்ப்பன்டைன் கலந்து மெலிதாகவும், மேற்பூச்சுக்களை எண்ணெய் மிகுத்தும் இடுவர். முறை மாறின் மேற்பரப்பு முன்னர் இறுகிப் பின்னர் வெடிக்கும். வெள்ளவத்தை போன்ற கடலோர ஊரிலே மழைக்காலத்தில் உலர்ச்சி தாமதிக்கும். ஈரச் சுவரோடு ஒட்டத் தொங்கவிட்ட கித்தானின் முதுகிற் பூஞ்சணமும் படரும். நிறத்தைப் பொறுத்தவரை, வெண்ணாயை வெள்ளையால் எழுத முயல்பவர் சுண்ணாம்பு பூசிய நாயையே பெறுவர். அதன் நிழற்பக்கம் நீலமும் மஞ்சட்காவியும் கலந்த சாம்பல் நிறம். கலப்பற்ற வெள்ளை, இறுதியில் இரண்டோரிடத்திற்கு மட்டுமே.

இனி அந்த வெண்ணாய். நிப்பர் என்பது அதன் பெயர். வருவோரின் கால்களைக் கௌவும் வழக்கத்தாற் பெற்றது என்பர். 1884இல் பிரிஸ்டலிற் பிறந்து, மார்க் பரோட் என்பவரிடம் வளர்ந்தது. 1887இல் அவர் இறக்கவே, அவருடைய சகோதரரும் ஓவியருமான பிரான்சிஸ் பரோட்டிடம் லிவர்ப்பூலுக்குச் சென்றது. அங்கே போனோகிராபின் ஒலியை அது வியந்து கேட்பதை ஓவியர் கவனித்திருந்தார். 1895இல் நாய் இறந்தது; மூன்று ஆண்டுகளுக்குப் பின்னரே, நினைவைத் துணைக்கொண்டு சித்திரத்தை எழுதினார். அது கேட்டது இறந்துபோன எசமானின் குரல் என்ற கதை உருக்கமானதுதான். ஆனால் எடிசனின் திருத்திய போனோகிராப் இங்கிலாந்தை அடைந்தது 1888இல், மார்க் இறந்த மறு ஆண்டில்!

சித்திரத்தை முதலில் விரும்பி வாங்குவார் இல்லை. 1899இல் கிராமபோன் கம்பெனி, உருளை பூட்டிய பழைய இயந்திரத்தை நீக்கித் தன் தட்டுச்சுழல் இயந்திரத்தை எழுதித் தந்தால் வாங்குவதாகக் கூறிற்று. பரோட் உலர்ந்த வர்ணத்தின்மேலேயே புதிய இயந்திரத்தை எழுதினார். பென்சிற் சித்திரத்தில் இயலாத இம்மாற்றம் தைலவர்ணத்தில் எளிது. படத்துக்கு 50 பவுணும் உரிமைக்கு 50 பவுணும் கிடைத்தன. கேட்கப்பட்ட திருத்தம் இயந்திரத்தைப் பற்றியதேயன்றி, நாயைப் பற்றியதன்று. சாய்த்த தலையும் நிமிர்ந்த கவனமும் எந்தப் பொறிக்கும் பொருந்தின.

அதன்பின் 1924இல் இறக்கும்வரை, அதே சித்திரத்தை 24 முறை கம்பெனிக்காக மீண்டும் எழுதும் பணி பரோட்டைச் சேர்ந்தது. ஓவியர் ஒருவருக்கு இது பேறோ தண்டனையோ என்பது ஆராயத்தக்கது. மூலச் சித்திரத்தின்மீது ஒளி சரிந்து விழும்பொழுது, புதிய இயந்திரத்தின் அடியில் பழையதன் வடிவு இன்றும் மங்கலாகத் தோன்றும்.