படத்தைப் பார்க்காதீர்கள், கிழங்கைப் பாருங்கள்!

அரிசி, பருப்பு விற்கும் பெரிய அங்காடிகளில் இன்று பூங்கிழங்குகளும் பொட்டலங்களில் கிடைக்கின்றன. மேலே கண்ணைக் கவரும் வண்ணப்படம்; உள்ளேயோ சில வேளைகளில் நம் மண்ணுக்கு ஒவ்வாத விருந்தாளி!

துலிப் மலரையே எடுத்துக்கொள்வோம். துருக்கியில் சுல்தான் மூன்றாம் அஹ்மது ஆட்சியின் 1718 முதல் 1730 வரையிலான ஆண்டுகளைத் 'துலிப் காலம்' என்றே வரலாறு குறிக்கிறது. ஸ்ரீநகரில் உள்ள துலிப் தோட்டமும் புகழ்பெற்றது. ஆனால், ஏறத்தாழ மூன்று மாதக் குளிர் இருந்தால்தான் அக்கிழங்கு முறையாகப் பூக்கும். பாலாற்றங்கரைச் செவிலிமேட்டில் அக்குளிருக்கு எங்கே போவது? குளிரூட்டி விற்கப்படும் கிழங்கு ஒருமுறை பூக்கலாம். மறு ஆண்டு ஏமாற்றமே மிஞ்சும்.

நம் இல்லங்களுக்கு ஏற்றது நிலச்சம்பங்கி. மெக்சிகோவில் தோன்றியதாயினும் வெப்பத்தை விரும்புவது. பெங்களூர் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய சிருங்கார், பிரஜ்வல் ஆகியவை நல்ல இரகங்கள். 25 முதல் 30 கிராம் எடையுடன், அழுத்தினால் கெட்டியாக, பூஞ்சணமின்றி இருக்கும் கிழங்கைத் தேர்ந்தெடுங்கள். தோண்டியெடுத்து ஏறக்குறைய ஒரு மாதம் ஆறியதை, நீர் தேங்காத மண்ணில் நடுங்கள்.

மண்ணின்றி வேர் தெரிய விற்கப்படும் ரோஜாச் செடியா? வேர் உலர்ந்து முறிந்தால் வேண்டாம். ஈரத்துடன் வளைந்தால் வாங்கி, சில மணி நேரம் நீரில் ஊறவைத்து, அன்றே நட்டுவிடுங்கள்.

சரிகையை உரைத்துப் பார்த்துப் பட்டு வாங்கும் ஊர் நம்முடையது. தறியில் பாடுபட்டு ஈட்டிய காசைக் கொடுக்குமுன், கிழங்கையும் சற்று அழுத்திப் பார்ப்போமே!