சொந்த மண்ணில் சம்பளம்! ஆப்பிரிக்கக் கூடைப்பந்து லீக்கின் முதல் ஆண்டு

12 நாடுகள். 26 ஆட்டங்கள். 15 நாட்கள். ஒரே ஊர்!

2021ஆம் ஆண்டு மே மாதம், ஆப்பிரிக்காவின் நடுவே உள்ள ருவாண்டா நாட்டில் ஒரு கூடைப்பந்துப் பந்தயம் நடந்தது. அதன் பெயர், "ஆப்பிரிக்கக் கூடைப்பந்து லீக்".

பந்தயங்கள் உலகத்தில் எத்தனையோ நடக்கின்றன. இதில் என்ன அதிசயம்?

ஆப்பிரிக்காவில் உயரமான இளைஞர்களுக்குப் பஞ்சம் இல்லை. ஏழு அடி வளர்ந்தவர்கள்கூட உண்டு. கூடைப்பந்து ஆட்டத்துக்கு உயரம் பெரிய சொத்து. ஆனால், அந்தச் சொத்தை வைத்துக்கொண்டு சொந்த நாட்டிலேயே நன்றாகப் பிழைப்பது பெரும்பாலோருக்கு முடியாத காரியம்.

நல்ல சம்பளம் வேண்டுமா? அமெரிக்காவுக்குப் போக வேண்டும். அல்லது ஐரோப்பாவுக்குப் போக வேண்டும். மகன் ஆடுவதைப் பெற்ற தாய் டெலிவிஷனில்தான் பார்க்க வேண்டும்!

இந்த நிலையை மாற்றத் தொடங்கப்பட்டதுதான் ஆப்பிரிக்க லீக்.

டாக்டராகப் போனவர்

கடல் கடந்து போனவர்களில் ஒருவர், டிகெம்பே முட்டோம்போ. காங்கோ நாட்டின் தலைநகரான கின்ஷாசாவில் பிறந்தவர். உயரம் 7 அடி 2 அங்குலம்.

1987ஆம் ஆண்டு அவர் அமெரிக்காவுக்குப் போனார். பந்து ஆடுவதற்கு அல்ல. டாக்டருக்குப் படிப்பதற்கு! அவருடைய உயரத்தைப் பார்த்த கல்லூரிக்காரர்கள் கூடைப்பந்து ஆட அழைத்தார்கள். பிறகு, அமெரிக்காவின் தலைசிறந்த கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் 18 ஆண்டுகள் ஆடினார். எதிரி போடும் பந்தைத் தடுப்பதில் மன்னன் என்று பெயர் எடுத்தார்.

1997ஆம் ஆண்டு காங்கோவில் கலவரம் நடந்தபோது, அவருடைய தாயார் நோயுற்றார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழி இல்லை. அந்த அம்மாள் இறந்துவிட்டார்.

பந்து ஆடிச் சம்பாதித்த பணத்தில், முட்டோம்போ தாயின் பெயரால் கின்ஷாசாவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி கட்டினார். டாக்டர் ஆக முடியவில்லை. ஆனால், டாக்டர்களுக்கு வேலை கொடுத்தார்!

அவரும் வேறு சில பழைய வீரர்களும் ஆப்பிரிக்காவில் கூடைப்பந்தை வளர்க்கத் தங்கள் பணத்தைப் போட்டார்கள். முட்டோம்போ 2024ஆம் ஆண்டு செப்டம்பர் 30ந் தேதி காலமானார்.

சுங்க இலாகா, ரெயில்வே, போலீஸ்

என்.பி.ஏ.வும், சர்வதேசக் கூடைப்பந்து சம்மேளனமும் சேர்ந்து ஆப்பிரிக்க லீக்கைத் தொடங்கின. 2019ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் இதுபற்றிய அறிவிப்பு வந்தது. வட அமெரிக்காவுக்கு வெளியே என்.பி.ஏ. நடத்தும் முதல் லீக் இதுதான். செனகல் நாட்டைச் சேர்ந்த அமடு கல்லோ ஃபால் என்பவர் தலைவரானார்.

நாட்டுக்கு ஓர் அணியாக 12 அணிகள் சேர்ந்தன. அந்த அணிகளின் பெயர்களைக் கேட்டாலே ஒரு கதை தெரியும்.

செனகல் அணி, சுங்க இலாகாவின் அணி. மொசாம்பிக் அணி, ரெயில்வே அணி. மாலி அணி, போலீஸ் அணி. கேமரூன் அணி, ராணுவமும் போலீசும் சேர்ந்த அணி. அங்கோலா, அல்ஜீரியா அணிகள் பெட்ரோல் கம்பெனிகளை ஒட்டி வளர்ந்தவை.

நம் நாட்டிலும் ரெயில்வே, பாங்கு, ராணுவ அணிகள் உண்டு. விளையாட்டுத் திறமையால் உத்தியோகம் பெற்றவர்கள் உண்டு. ஆகவே, இந்தப் பெயர்களின் பொருள் நமக்கு உடனே புரியும்.

லீக்கில் ஒரு முக்கிய விதி இருந்தது. அணிக்கு 13 பேர். அவர்களில் 9 பேராவது அந்தந்த நாட்டுக் குடிமக்களாக இருக்க வேண்டும். வெளிநாட்டார் 4 பேருக்கு மேல் கூடாது. அந்த 4 பேரிலும், ஆப்பிரிக்காவுக்கு வெளியே இருந்து வருபவர்கள் 2 பேருக்கு மேல் கூடாது.

பணம் உள்ள அணி, அமெரிக்கர்களை வாங்கி நிரப்பிவிடக் கூடாது அல்லவா? அதற்குத்தான் இந்தக் கட்டுப்பாடு!

கொரோனா போட்ட தடை

செனகல் தலைநகரான டாக்கரில், 2020ஆம் ஆண்டு மார்ச் 13ந் தேதி லீக்கைத் தொடங்க ஏற்பாடு ஆகியிருந்தது. கொரோனா குறுக்கே வந்தது. பந்தயம் தள்ளிவைக்கப்பட்டது.

14 மாதம் கழித்து, ருவாண்டா தலைநகரான கிகாலியில் எல்லா ஆட்டங்களையும் நடத்த முடிவு செய்தார்கள். அங்கே சுமார் 10 ஆயிரம் பேர் உட்காரக்கூடிய உள்ளரங்கம் இருக்கிறது. 2019ல் திறக்கப்பட்டது.

ருவாண்டா என்றாலே உலகத்துக்கு 1994ஆம் ஆண்டு நடந்த படுகொலைதான் நினைவுக்கு வரும். 100 நாட்களில் லட்சக்கணக்கானவர்கள் வெட்டிக் கொல்லப்பட்ட நாடு அது. அந்த நாட்டின் தலைநகரில், 27 ஆண்டுகளுக்குப் பிறகு, 12 நாட்டு இளைஞர்கள் பந்து ஆடக் கூடினார்கள்.

வீரர்கள் வெளியாருடன் கலக்காமல் தனியாகத் தங்கவைக்கப்பட்டார்கள். ரசிகர்களும் குறைந்த அளவிலேயே அனுமதிக்கப்பட்டார்கள்.

பாடகர் வந்தார்

மே 16ந் தேதி முதல் ஆட்டம். உள்ளூர் அணியான பேட்ரியாட்ஸ், நைஜீரியாவின் ரிவர்ஸ் ஹூப்பர்ஸ் அணியைச் சந்தித்தது. பேட்ரியாட்ஸ் என்றால் தேசபக்தர்கள் என்று பொருள்.

ஆனால், உலகத்தின் கண் ஒரே ஒருவர் மீதுதான் இருந்தது. அவர் ஜே. கோல். அமெரிக்காவின் புகழ்பெற்ற பாடகர். வயது 36. அவருடைய புதிய இசைத்தட்டு இரண்டு நாளைக்கு முன்புதான் வெளிவந்திருந்தது. அவர் பேட்ரியாட்ஸ் அணியில் ஆட்டக்காரராக இறங்கினார்!

அந்த ஆட்டத்தில் அவர் போட்டது 3 புள்ளிகள். உள்ளூர் அணி 83-60 என்ற கணக்கில் வென்றது. அவர் மொத்தம் 3 ஆட்டங்கள் ஆடினார். பிறகு, குடும்பக் காரணத்துக்காக ஊர் திரும்பினார்.

பாடகரால் லீக்குக்கு விளம்பரம் கிடைத்தது. ஆனால், மனவருத்தமும் வந்தது. மொராக்கோ அணிக்காக ஆடிய ஓர் அமெரிக்க வீரர், தகுதி உள்ள ஒருவனுக்குக் கிடைக்க வேண்டிய வேலையைப் பாடகர் எடுத்துக்கொண்டார் என்று வெளிப்படையாகவே சொன்னார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. 13 இடங்களில் ஓர் இடம் என்பது, ஒரு குடும்பத்தின் சோறு!

உள்ளூர் அணியின் உயர்வும் தாழ்வும்

12 அணிகளும் 3 பிரிவுகளாக மோதின. அதில் மேலே வந்த 8 அணிகள் கால் இறுதிக்குப் போயின. தோற்றால் வீடு திரும்ப வேண்டியதுதான்.

கால் இறுதியில் பேட்ரியாட்ஸ் அணிக்கும் மொசாம்பிக் ரெயில்வே அணிக்கும் கடும் போட்டி. 73-71. இரண்டே புள்ளியில் பேட்ரியாட்ஸ் தப்பியது. கிகாலி நகரம் பூரித்தது.

ஆனால், அரை இறுதியில் நேர்ந்தது வேறு. எதிரே வந்தது துனிசியாவின் மோனஸ்தீர் அணி. மோனஸ்தீர் கடற்கரை ஊர். துனிசியாவின் முதல் ஜனாதிபதி ஹபீப் பூர்கிபா பிறந்த ஊர். அந்த அணி 87-46 என்று உள்ளூர் அணியை நொறுக்கிவிட்டது. 41 புள்ளி வித்தியாசம்!

3வது இடத்துக்கான ஆட்டத்திலும் பேட்ரியாட்சுக்குத் தோல்விதான். அங்கோலாவின் பெட்ரோ அணி 97-68 என்று வென்றது.

தோல்வியே காணாத அணி

மே 30ந் தேதி இறுதிப் போட்டி. மோனஸ்தீர் அணியும் எகிப்தின் ஜமாலெக் அணியும் மோதின. ஜமாலெக், 1911ல் கெய்ரோ நகரில் தோன்றிய பழம்பெரும் கழகம். கால்பந்திலும் பெயர் பெற்றது.

அதுவரை இரண்டு அணிகளும் ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. அன்று ஒன்று தோற்றே ஆக வேண்டும். தோற்றது மோனஸ்தீர். 76-63 என்ற கணக்கில் ஜமாலெக் முதல் கோப்பையைத் தட்டிக்கொண்டு போனது.

லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் பரிசு, அந்த அணியின் வால்ட்டர் ஹாட்ஜுக்குக் கிடைத்தது. அவர் கரீபியன் தீவுக்காரர். உயரம் 6 அடிதான்! கூடைப்பந்துக்கு உயரம் மட்டும் போதாது, மூளையும் வேண்டும் என்பதற்கு அவர் சாட்சி.

சிறந்த தடுப்பு ஆட்டக்காரர் பரிசு, அதே அணியின் அனஸ் மஹ்மூதுக்குக் கிடைத்தது. இவர் எகிப்தியர். ஏழு அடி உயரம். அமெரிக்கக் கல்லூரியில் 4 ஆண்டுகள் ஆடியவர். பிறகு சொந்த நாட்டு அணிக்குத் திரும்பினார். சொந்தக் கண்டத்திலேயே பரிசும் பெற்றார். லீக்கைத் தொடங்கியவர்கள் விரும்பியது இதைத்தான்.

விதைத்தது முளைத்ததா?

தோற்ற மோனஸ்தீர் அணி சோர்ந்துபோகவில்லை. அடுத்த ஆண்டே, 2022ல், அதே கிகாலியில் கோப்பையை வென்றது. 2023ல் எகிப்தின் அல் அஹ்லி, 2024ல் அங்கோலாவின் பெட்ரோ, 2025ல் லிபியாவின் அல் அஹ்லி திரிப்போலி என்று கோப்பை நாடு நாடாகப் பயணம் போனது.

2022ஆம் ஆண்டுப் பந்தயத்தில் பள்ளிக்கூட வயதுப் பையன் ஒருவன் ஆடினான். பெயர், கமான் மலுவாச். தெற்கு சூடானில் பிறந்தவன். போருக்குத் தப்பிய குடும்பத்தோடு உகாண்டாவில் வளர்ந்தவன். கூடைப்பந்து ஆடத் தொடங்கியபோது, அதற்கு ஏற்ற பூட்சு வாங்கக்கூட அவனிடம் பணம் இல்லை.

2024ல் பாரீஸ் ஒலிம்பிக்கில் தெற்கு சூடானுக்காக ஆடினான். 2025ஆம் ஆண்டு ஜூன் மாதம், என்.பி.ஏ. அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது, 10வது ஆளாக அவன் பெயரை அழைத்தார்கள்.

ஆம், அவனும் அமெரிக்காவுக்குத்தான் போனான். அமெரிக்கச் சம்பளத்தோடு ஆப்பிரிக்க லீக் போட்டி போட முடியாது.

ஆனால், முட்டோம்போ டாக்டராகப் போய், தற்செயலாகப் பந்தைத் தொட்டவர். மலுவாச்சின் ஆட்டத்தை அவனுடைய சொந்தக் கண்டமே முதலில் பார்த்தது. பார்த்துக் கைதட்டியது. போக முடியாதவர்களுக்கும், போய்த் திரும்புகிறவர்களுக்கும் ஆடுவதற்கு ஓர் இடம் கிடைத்திருக்கிறது.

முதல் ஆண்டின் பெரிய வெற்றி, ஜமாலெக் வாங்கிய கோப்பை அல்ல. அந்த இடம்தான்!