கடல் வழிப் பயணம் – 9: வலப்பக்கமா, இடப்பக்கமா?

வான்கூவரில் ஏறி வடக்கே விட்டியரிலோ சூவர்டிலோ இறங்கும் அலாஸ்காக் கப்பல்களைப் பற்றிப் போன வாரமே பார்த்தாயிற்று. எந்தப் பக்கத்து அறையை எடுப்பது என்ற கேள்விதான் பாக்கி.

வடக்கே போனால் வலப்பக்கம். கப்பலில் வலமும் இடமும் முகப்பைப் பார்த்து நின்று சொல்வது. தீவுகளுக்கு நடுவே ஓடும்வரை இரு பக்கமும் மலைதான். அலாஸ்கா வளைகுடாவுக்குள் நுழைந்த பிறகுதான் வித்தியாசம் தெரியும். கரையும், 4,671 மீட்டர் உயர ஃபேர்வெதர் சிகரமும் வலப்பக்கத்துக்கு. திறந்த பசிபிக்கும் அஸ்தமனமும் இடப்பக்கத்துக்கு. தெற்கே வரும் கப்பலென்றால் மாற்றிக்கொள்ளுங்கள். சியாட்டிலில் கிளம்பி அங்கேயே திரும்பும் கப்பலில் பக்கத்துக்காக ஒரு காசுகூட அதிகம் கொடுக்காதீர்கள்.

கிளேசியர் பே என்னும் தேசியப் பூங்கா வளைகுடாவில் இந்தக் கணக்கெல்லாம் அடிபட்டுப் போகிறது. ஒரு நாளைக்கு இரண்டே பெரிய பயணிகள் கப்பல்களுக்குத்தான் அங்கே அனுமதி. வாசலிலேயே பூங்கா ரேஞ்சர்கள் சின்னப் படகில் வந்து, ஏணி பிடித்துக் கப்பலில் ஏறிக்கொள்வார்கள். உள்ளே மார்ஜரி பனியாற்றின் முன்னால் கப்பல் நிற்கும். நின்ற இடத்திலேயே கேப்டன் அதை மெல்லத் திருப்புவார். நீரைப் பக்கவாட்டில் தள்ளும் விசிறிகள் கப்பலின் அடியில் இருப்பதால் இது முடிகிறது. இரு பக்கத்து பால்கனிகளுக்கும் அந்த நீலப் பனிச்சுவர் கிடைத்துவிடும்.

இந்த வாரம் என்னைத் தூங்கவிடாத சங்கதி வேறு. 1794-இல் பிரிட்டிஷ் கடற்படைக் கேப்டன் வான்கூவரின் ஆட்கள் இங்கே படகில் வந்தபோது உள்ளே போக வழியே இல்லை. வளைகுடா என்று இருந்தது கரை சுமார் 8 கிலோமீட்டர் உள்வாங்கிய இடம் மட்டுமே. அதற்கப்பால் முழுக்கப் பனி. 1879-இல் இயற்கையியலாளர் ஜான் மியூர் வந்தபோது பனி 60 கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கியிருந்தது. இன்று கப்பல் வாசலிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் உள்ளே போகிறது. நாம் பால்கனியில் நின்று பார்க்கும் தண்ணீர் ஏறக்குறைய முழுவதும் 230 ஆண்டுகளுக்கு முன் பனிக்கட்டி! அதற்கும் முன்னால் அங்கே நிலம் இருந்தது, ஹூனா டிலிங்கிட் மக்களின் ஊர்கள் இருந்தன. 18-ஆம் நூற்றாண்டில் பனி முன்னேறி வந்து அவர்களைத் துரத்தியது. 2016-இல்தான் அங்கேயுள்ள பார்ட்லெட் கோவ் கரையில் அவர்களுடைய குலவீடு மறுபடி எழுந்தது. அலாஸ்கா போகிறவர்கள் பனியைப் பார்த்த கண்ணோடு இந்த வரலாற்றையும் அறிந்து திரும்ப வேண்டும் என்று எனக்குத் தீராத ஆசை.

மியூர் வந்தது டிலிங்கிட் துடுப்பாளர்களின் ஓடத்தில், அக்டோபர் மழையில். ஞாயிற்றுக்கிழமை என்று உடன் வந்த பாதிரியார் கூடாரத்திலேயே தங்கிவிட்டார். மழைக்கு அஞ்சி மற்றவர்களும் நகரவில்லை. மியூர் தனியாக மலைச்சரிவில் ஏறினார். மேகம் விலகியபோது பனியாறுகள் அத்தனையும் அவர் காலடியில் விரிந்து கிடந்தன. அதனால்தான் சொல்கிறேன்: கிளேசியர் பேயில் இருக்கும் அந்த ஒரு நாள் மட்டும் அறையை விட்டு மேல்தளத்தின் முகப்புக்குப் போய்விடுங்கள். கம்பளி அவசியம், பனியிலிருந்து வரும் காற்று கோடையிலும் எலும்பைத் தொடும்.

அறை எண்ணை வைத்தே பக்கத்தைக் கண்டுபிடிக்கும் வழியை எழுத இடமில்லாமல் போயிற்று. உயிர்காப்புப் படகுகளில் ஒற்றைப்படை எண் வலப்பக்கம், இரட்டைப்படை இடப்பக்கம், டைட்டானிக்கிலும் அப்படித்தான். அறைகளுக்கு அந்தப் பொதுவிதி கிடையாது, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)