பந்தும் லாச்சித் திறப்பும்: பையன் எப்போது தயார்?

கண்டி கொழும்பு வீதியிலோ, அக்குறணை, மடவளைக் கடைத்தெருக்களிலோ எமது வியாபாரிகளோடு அரை மணி நேரம் பேசினால் இரண்டு கேள்விகள் தவறாமல் வந்துவிடும். ஒன்று, "மாக்கட் எப்படிப் போகுது?" மற்றையது, ஏ.எல். எழுதிவிட்டுக் கடைக்கு வந்திருக்கும் மகனைக் காட்டி, "இவன்ட கையில எப்ப குடுக்கலாம்?" முதலாவது கேள்விக்கு எவரிடமும் பதில் இல்லை. இரண்டாவதற்கு ஆளுக்கொரு பதில் இருக்கிறது. ஒருவர், "கலியாணம் முடியட்டும்" என்பார். இன்னொருவர், "நான் மௌத்தானாப் பிறகு" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தச் சிரிப்பில் பாதி உண்மை.

இதே கேள்வியைக் கிரிக்கட் தெரிவாளர்களும் ஒவ்வொரு வருடமும் கேட்டுக்கொள்கிறார்கள். பாடசாலை மட்டத்தில் விக்கட்டுக்களைக் குவிக்கும் ஒரு பந்துவீச்சாளனைப் பெரிய மைதானத்தில் எப்போது இறக்குவது? முந்தினால் பையன் கெடுவான், பிந்தினால் பருவம் தப்பும். இதற்குக் கண்டி மண் மூன்று விதமான விடைகளைத் தந்திருக்கிறது. ஒருவர் 20 வயதில் இறங்கினார், மற்றவர் 19 இல், மூன்றாமவர் 29 இல். மூவரது கணக்கையும் ஒரு வியாபாரியின் கண்ணால் பார்ப்பது வீண்போகாது.

முதலாமவரை அறியாதவர் இல்லை. முத்தையா முரளிதரன் கண்டியில் பிஸ்கட் உற்பத்தி செய்த வியாபாரி ஒருவரின் மகன். ஒன்பது வயதில் கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் சேர்க்கப்பட்டார். ஆரம்பத்தில் அவர் சுழற்பந்து வீச்சாளரே அல்லர், மிதவேகமாகப் பந்து வீசியவர். 14 வயதில் பயிற்றுவிப்பாளர் சுனில் பெர்னாண்டோவின் ஆலோசனைப்படி ஓஃப் ஸ்பின்னுக்கு மாறினார். ஓடாத சரக்கைத் தள்ளிவிட்டு ஓடக்கூடிய சரக்கைத் தட்டில் அடுக்குவது போன்ற ஒரு தீர்மானம் அது. கல்லூரியின் இறுதி இரு பருவங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட விக்கட்டுக்களை வீழ்த்தி, அகில இலங்கைப் பாடசாலைகளின் சிறந்த வீரருக்கான பாட்டா விருதையும் பெற்றார்.

இதுவரை எல்லாம் இலாபக் கணக்கு. அடுத்ததைப் பாருங்கள். 1991 இல் இலங்கை ஏ அணியுடன் இங்கிலாந்து சென்ற அவர் ஐந்து போட்டிகளில் விளையாடினார். ஒரு விக்கட் கூடக் கிடைக்கவில்லை. சாமான் மாதிரிகளைக் காரில் ஏற்றி அனுப்பிய விற்பனைப் பிரதிநிதி மாதக் கடைசியில் ஒரு ஓடர் கூட இல்லாமல் திரும்பி வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எம்மில் எத்தனை முதலாளிமார் அவரை மறுமுறை அனுப்புவோம்?

நாடு திரும்பியதும் அலன் போர்டரின் அவுஸ்திரேலிய அணிக்கு எதிரான பயிற்சிப் போட்டியில் அவருக்குப் பந்து கொடுக்கப்பட்டது. உலகத் தரமான துடுப்பாட்டக்காரர்கள் அவரைக் கண்டு தடுமாறினார்கள். அதே தொடரில், 1992 ஓகஸ்ட் 28 ஆம் திகதி கெத்தாராம மைதானத்தில் டெஸ்ட் அறிமுகம். அந்தப் போட்டியில் 141 ஓட்டங்களுக்கு 3 விக்கட். முதல் விக்கட் கிரெய்க் மெக்டர்மொட். பெரிய கணக்கு ஒன்றும் இல்லை. இங்கிலாந்துப் பயணத்தின் கணக்குக் கொப்பியை மட்டும் வைத்து முடிவெடுத்திருந்தால் இந்த நாள் வந்தே இருக்காது. பந்து எவ்வளவு திரும்புகிறது, எதிரே நிற்பவனுக்கு அது புரிகிறதா என்பதைக் கண்ணால் பார்த்தவர்கள் இருந்தபடியால்தான் வந்தது. விற்பனை வராத மாதத்திலும் பையன் வாடிக்கையாளரோடு எப்படிப் பேசுகிறான், சரக்கை எப்படிக் கையாளுகிறான் என்று பார்க்கத் தெரிந்த முதலாளிக்கு இந்த இடம் நன்றாக விளங்கும்.

அதன் பிறகும் அவசரம் இருக்கவில்லை. நூறாவது டெஸ்ட் விக்கட் 1997 மார்ச்சில்தான் வந்தது. அதற்குள் 1995 டிசம்பரில் மெல்பேர்னில் நடுவர் டெரல் ஹெயார் அவரது மூன்று ஓவர்களில் ஏழு பந்துகளை முறையற்ற பந்துகளென அறிவித்தார். 23 வயதுப் பையன், ஐம்பதாயிரம் பேருக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்த மைதானம். அன்று அணித் தலைவர் அர்ஜுன ரணதுங்க அவரைக் கைவிடவில்லை. 1996 இல் மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங்கிலும் கையின் அசைவு விஞ்ஞான முறைப்படி பரிசோதிக்கப்பட்டது. 1999 ஜனவரியில் அடிலெய்டில் இன்னொரு நடுவர் அதையே செய்தபோது, ரணதுங்க முழு அணியையும் எல்லைக்கோடு வரை அழைத்துச் சென்று ஆட்டத்தை நிறுத்தினார். இடையில், 1998 இல் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராக 16 விக்கட்டுக்கள். 2010 ஜூலையில் காலியில் 800 உடன் முடிந்தது. இந்த 800 இல் ரணதுங்கவின் பங்கு எத்தனை என்று எந்தப் புள்ளி அட்டையிலும் எழுதப்படவில்லை. கடையில் பையன் முதல் தடவை பெரிய பிழை விட்டு, வாடிக்கையாளர் நாலு பேர் முன் சத்தம் போடும்போது வாப்பா எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதும் அப்படித்தான்.

இரண்டாமவர் மத்தீஷ பத்திரண. கண்டி திரித்துவக் கல்லூரி மாணவர். 2020, 2022 ஆகிய இரு இளையோர் உலகக் கிண்ணங்களிலும் விளையாடியவர். லசித் மாலிங்கவைப் போலக் கையைத் தாழ்த்தி வீசும் வேகப்பந்து. 2022 இல் சென்னை அணி, காயமடைந்த அடம் மில்னுக்குப் பதிலாக இவரை இந்திய ரூபா 20 இலட்சத்துக்கு எடுத்தது. அதே ஆண்டு ஓகஸ்ட் 27 ஆம் திகதி டுபாயில், 19 வயதில், இலங்கைக்காக இருபதுக்கு இருபது அறிமுகம். 2023 ஐ.பி.எல். தொடரில் 12 போட்டிகளில் 19 விக்கட்டுக்கள். அணி சம்பியனானது.

இங்கே கவனிக்க வேண்டியது விக்கட்டுகளின் எண்ணிக்கையை அல்ல, சென்னை அணித் தலைவர் தோனி அவரைப் பாவித்த விதத்தை. பையனுக்கு நான்கு ஓவர்கள் மட்டும். அதுவும் பெரும்பாலும் ஆட்டத்தின் பிற்பகுதியில், விக்கட்டுக்குப் பின்னால் தோனியே நின்றுகொண்டிருக்கும்போது. அந்த மே மாதத்தில் தோனி பகிரங்கமாகவே ஒரு கருத்தைச் சொன்னார். இந்தப் பையன் டெஸ்ட் கிரிக்கட் பக்கமே போகக்கூடாது, ஒருநாள் போட்டிகளிலும் குறைவாகப் பாவித்து ஐ.சி.சி. தொடர்களுக்கென வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். எமது நாட்டில் பலருக்கு அது பிடிக்கவில்லை. 'எங்கள் பையனைப் பற்றி இவர் யார் சொல்ல' என்றார்கள்.

ஜூன் மாதம் ஒருநாள் அறிமுகமும் நடந்தது. ஒக்டோபரில் உலகக் கிண்ணம். டில்லியில் தென்னாபிரிக்காவுக்கு எதிராக 10 ஓவர்களில் 95 ஓட்டங்கள். மூன்று நாட்களின் பின் ஹைதராபாத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக 9 ஓவர்களில் 90. பிறகு தோளில் காயம். அவருக்குப் பதிலாக அஞ்சலோ மெத்யூஸ் அழைக்கப்பட்டார். உலகக் கிண்ணத்துக்கு அவரை எடுத்ததைப் பிழை என்று சொல்ல முடியாது, தோனி சொன்னதும் அத்தகைய தொடர்களுக்கு வைத்துக்கொள்ளும்படிதான். ஆனால் நான்கு ஓவருக்குப் பழகிய உடம்பு மூன்று நாள் இடைவெளியில் பத்தும் ஒன்பதும் வீசியது. 2024 ஐ.பி.எல். தொடரில் ஆறு போட்டிகளில் 13 விக்கட்டுக்களை எடுத்த நிலையில் தொடைத் தசைக் காயத்துடன் நாடு திரும்பினார். இருந்தும் சந்தை அவரது பெறுமதியைக் குறைக்கவில்லை. 2025 பருவத்துக்கு 13 கோடி இந்திய ரூபாவுக்குச் சென்னை அவரைத் தக்கவைத்தது. பின்னர் விடுவித்தபோது, 2025 டிசம்பர் ஏலத்தில் கொல்கத்தா 18 கோடிக்கு வாங்கியது.

முரளி டெஸ்ட் போட்டிகளில் மாத்திரம் 44 ஆயிரம் பந்துகளுக்கு மேல் வீசியவர். பத்திரணவின் வேகத்துக்கும் கையசைவுக்கும் அப்படி ஒரு கணக்கு சரிவராது. கொத்தமல்லி மூடையையும் தக்காளிப் பெட்டியையும் ஒரே ஸ்டோரில் ஒரே காலத்துக்கு வைப்பவர் யாருமில்லை அல்லவா? ஆகவே 'பையன் தயாரா?' என்ற கேள்வியே அரைக் கேள்விதான். 'எத்தனை ஓவருக்குத் தயார், யார் பின்னால் நிற்கும்போது தயார்?' என்பதே முழுக் கேள்வி.

இது எமக்குப் புதிய பாடமும் அல்ல. உஹதுப் போருக்கு முன் 14 வயதான இப்னு உமர் (ரழி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் அனுமதிக்கவில்லை. அகழ்ப் போரின்போது 15 வயதில் அனுமதித்தார்கள். ஆனால் அதே உஹதில் ராஃபிஉ இப்னு கதீஜ் (ரழி) என்ற சிறுவர், அம்பெய்வதில் வல்லவர் என்று சொல்லப்பட்டதால் சேர்த்துக்கொள்ளப்பட்டார். 'அவரை நான் மல்யுத்தத்தில் வீழ்த்துவேன்' என்று ஸமுரா இப்னு ஜுன்துப் (ரழி) முறையிட, இருவரையும் மோதவிட்டுப் பார்த்து அவரையும் சேர்த்துக்கொண்டதாக சீறா நூல்கள் கூறுகின்றன. வயது ஒரு அளவுகோல், கைத்திறன் இன்னொன்று, நேரடிப் பரீட்சை மூன்றாவது. அநாதைகளின் சொத்தை ஒப்படைப்பது பற்றி சூரத்துன் நிஸாவின் ஆறாவது வசனம் பேசும்போதும், அவர்களைச் சோதித்துப் பார்ப்பது, விவேகத்தைக் கண்டால் ஒப்படைப்பது, ஒப்படைக்கும்போது சாட்சி வைப்பது என்ற ஒழுங்கு காணப்படுகிறது.

பணத்துக்காக இந்த ஒழுங்கைத் தாண்டினால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பெயர்போன உதாரணம் உண்டு. எமது எல்லே விளையாட்டைப் போன்ற பேஸ்போல் அங்கு பெரும் வியாபாரம். ஒவ்வொரு பெரிய அணியும் தனக்குக் கீழே பல படிகளில் சிறு அணிகளை வைத்து, பந்தெறியும் பையன்களைப் படிப்படியாக மேலே கொண்டுவருவதே வழமை. 1973 இல் டெக்ஸாஸ் ரேஞ்சர்ஸ் அணியின் உரிமையாளர் பொப் ஷோர்ட்டுக்குக் காசுத் தட்டுப்பாடு, மைதானத்துக்குச் சனமும் வருவதில்லை. அந்த ஆண்டு முதலாவதாகத் தெரிவான டேவிட் கிளைட் என்ற 18 வயதுப் பையனை, உயர்தரப் பாடசாலை முடித்த சில வாரங்களில் ஜூன் 27 ஆம் திகதி நேரே பெரிய மைதானத்தில் இறக்கினார். 35 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்து, அந்த மைதானத்தின் டிக்கட்டுக்கள் முதல் தடவையாக முற்றாக விற்றுத் தீர்ந்தன. பையன் வென்றும் விட்டான். இரண்டு போட்டிகளின் பின் கீழ்ப்படிக்கு அனுப்புவதாகத்தான் பேச்சு. ஆனால் லாச்சி நிறைந்த பிறகு யார் அனுப்புவார்? அவரது முழுக் கணக்கு 18 வெற்றி, 33 தோல்வி. 1979 உடன் பெரிய அணிகளில் அவரது ஆட்டம் முடிந்தது. ஓய்வூதியத்துக்குத் தேவையான சேவைக் காலத்துக்கு 37 நாட்கள் குறைவு. பிறகு மர வியாபாரத்தில் இறங்கினார். ஷோர்ட் செய்தது விதை நெல்லை அவித்துச் சாப்பிட்ட வேலை.

பிந்துவதிலும் நட்டம் உண்டு. கண்டியில் பிறந்த வேகப்பந்து வீச்சாளர் மொஹமட் ஷிராஸ் உள்ளூர்ப் போட்டிகளில் வருடக்கணக்காகப் பந்து வீசியவர். 2024 ஓகஸ்ட் 2 ஆம் திகதி கொழும்பில் இந்தியாவுக்கு எதிராக ஒருநாள் அறிமுகம் பெற்றபோது வயது 29. பத்திரணவும் டில்ஷான் மதுஷங்கவும் காயமடைந்ததால்தான் அந்த அழைப்பு வந்தது. இரு அணிகளும் தலா 230 ஓட்டங்கள் பெற்று அந்தப் போட்டி சமநிலையில் முடிந்தது. ஒருவர் விழுந்தால்தான் மற்றவருக்கு இடம் என்ற நிலை கடைகளிலும் உண்டு. பத்து வருடம் கவுண்டரில் நின்றவரை இன்னும் 'பொடியன்' என்றே கூப்பிடுகிறோம். ஒரு நாள் அவர் எதிர்ப்பக்கத்தில் கடை திறந்த பிறகு, "நன்றி கெட்டவன்" என்கிறோம்.

கடையில் ஓவர்களை எப்படிப் பிரிப்பது? கவுண்டர் விற்பனை இலகு, அதில் ஜெயிப்பது பாடசாலை விக்கட் போன்றது. கொள்முதல் அதற்கு மேல். புறக்கோட்டைக்கு ஒரு தொகையை வரையறுத்துக் கொடுத்தனுப்பி, எதை வாங்கி வந்தாலும் ஏசாமல், அது எத்தனை நாளில் விற்றது என்று அவனையே எழுத வைக்கலாம். வரையறுத்த தொகை முழுவதும் போனாலும் கடை ஆடாத அளவாக அது இருக்க வேண்டும். எல்லாவற்றிலும் கடினமானது கடன் கொப்பி. மாமாவின் மகன் வந்து கேட்டாலும் 'இல்லை' என்று முகம் கோணாமல் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். செக்கில் தனிக் கையொப்பம், அதிலும் பிந்திய திகதியிட்ட செக், கடைசிப் படி. அதுவரை வங்கிக் கணக்கை இருவர் கையொப்பத்தில் வைத்திருப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

பெருநாள் சீசனில் பையனை லாச்சியில் உட்கார வைக்கப் பலர் பயப்படுகிறார்கள். வாப்பா கடைக்குள்ளே நிற்கும்போது மாலையில் இரண்டு மணி நேரம் கொடுப்பதில் அவ்வளவு ஆபத்தில்லை, அது தோனி கொடுத்த நான்கு ஓவர். ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. எம்மவர்களில் அநேகர் மகனிடம் முதல் முதலாகத் திறப்பைக் கொடுப்பது ஹஜ்ஜுக்குப் புறப்படும்போதுதான். பல வாரங்கள் முழுப் பொறுப்பும் அவன் தலையில். ஹஜ்ஜுக்கு நிய்யத் வைத்திருப்பவர்கள் முந்திய வருடமே இரண்டு நாள் கொழும்புக்குப் போய் நின்று பார்க்கட்டும். பிறகு ஒரு வாரம். திரும்பி வந்ததும் மொத்த விற்பனையைக் கேட்பதற்கு முன், யார் யாருக்குக் கடன் கொடுத்தான், யாரைத் திருப்பி அனுப்பினான் என்று கேட்டுப் பார்க்கட்டும்.