உரிமம் ஒரு பெயரில், அறைகள் பலர் கையில்

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் பட்டாசு ஆலை என்பது ஒரே கூரையின் கீழ் இயங்கும் தொழிற்கூடம் அன்று. ஓர் அறை வெடித்தாலும் அடுத்த அறை தப்ப வேண்டும் என்பதற்காக உரிய இடைவெளி விட்டுக் கட்டப்பட்ட சிறுசிறு அறைகளின் தொகுப்பு. உயிர்காக்க வகுத்த இந்த அமைப்பே, உரிமம் பெற்றவர் தம் அறைகளைப் பிரித்துப் பருவத்துக்குப் பருவம் பிறருக்கு வாடகைக்கு விடுவதையும் எளிதாக்கிவிட்டது. உள்குத்தகை எனப்படும் இந்த வழக்கம் சட்டப்படி செல்லாது.

1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்தின் கீழும் 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளின் கீழும், சிறிய ஆலைகளுக்கு மாவட்ட வருவாய் அலுவலரும், பெரியவற்றுக்கு நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய அரசின் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பும் (பெசோ) உரிமம் வழங்குகின்றன. பெயர், வரைபடம், செய்யத்தக்க ரகங்கள், வைத்திருக்கத்தக்க மருந்தின் அளவு ஆகிய அனைத்தும் பிணைந்ததே உரிமம் என்பதால், அதில் பெயரை மட்டும் கழற்றி வேறொருவர் கையில் ஆலையை ஒப்படைத்தால் மற்றவற்றுக்குப் பொறுப்பேற்க ஆளில்லாமல் போகிறது.

குத்தகைக்கு எடுப்பவர் பெரும்பாலும் தொழில் தெரிந்தவர். ஆனால் புது உரிமத்துக்கு வேண்டிய நிலமோ முதலோ இல்லாதவர். தீபாவளிக்கு முன் கொடுத்த வாடகையை மீட்டாக வேண்டிய நெருக்கடியில், நான்கு பேர் இருக்க வேண்டிய அறையில் அதற்கு மேலும் ஆட்களை அமர்த்துகிறார்; இடம் போதாதபோது மரத்தடியிலும் வேலை நடக்கிறது. கலந்த மருந்தை அன்றன்றே தீர்க்க வேண்டும் என்ற விதியும் அவசரத்தில் கைவிடப்படுகிறது. மீந்த மருந்து ஈரம் பட்டாலோ, உராய்வுக்கு உள்ளானாலோ அறையே சிதறிவிடும்.

2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் நேர்ந்த வெடிவிபத்தில் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஆலை குத்தகைக்கு விடப்பட்டு, அறைகள் மேலும் பலருக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டிருந்தது பின்னர் தெரிய வந்தது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்து, ஓய்வுபெற்ற நீதிபதி கே. கண்ணன் தலைமையில் குழுவை அமைத்தது. ஒரே வளாகத்துக்குள் பலர் தத்தம் கணக்கில் மருந்து கலக்கும்போது, அடுத்த அறையில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது; அச்சமூட்டுவது இதுவே.

வருவாய், காவல், தீயணைப்பு, தொழிலகப் பாதுகாப்பு ஆகிய துறையினர் அடங்கிய சிறப்புக் குழுக்கள் சோதனை நடத்துவதும், உள்குத்தகை கண்டறியப்பட்ட ஆலைகளின் உரிமம் ரத்தாவதும் உண்டு. எனினும், ஒப்பந்தம் வாய்மொழியாகவே இருப்பதால் குத்தகைதாரர் சோதனையின்போது போர்மேனாக நின்றுவிட முடிகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகள் கொண்ட மாவட்டத்தில் ஏட்டில் உள்ள பெயரையே அலுவலர் நம்ப வேண்டியிருக்கிறது.

குறுகிய கால வாடகையைக் கட்டுப்படுத்தும் சிக்கல் பட்டாசுக்கு மட்டும் உரியதன்று. கொடைக்கானலில் குடியிருப்புக்கென அனுமதி பெற்ற வீடுகள் சுற்றுலா விடுதிகளாக மாறியதும் இதே வகைதான். நியூயார்க் நகரம் 2023 செப்டம்பரிலிருந்து, 30 நாளுக்குக் குறைவாக வீட்டை வாடகைக்கு விடுபவர் நகராட்சியில் பதிவு செய்வதோடு விருந்தினருடன் அதே வீட்டில் தங்கியிருக்கவும் வேண்டும் என்ற விதியை நடைமுறைப்படுத்தியது; பதிவில்லாத வீட்டுக்கு முன்பதிவுத் தளங்கள் பணப் பரிமாற்றம் செய்ய இயலாது. வீட்டு வாடகைக்கே இவ்வளவு கண்டிப்பு பொருந்துமெனில், வெடிமருந்து அறைக்கு அது இன்னும் அதிகமாகவே பொருந்த வேண்டும்.

ஒவ்வோர் அறையிலும் அன்றைக்கு வேலை செய்வோரின் பெயரும், கூலி கொடுப்பவரின் பெயரும் நாள்தோறும் மாவட்ட நிர்வாகத்திடம் பதிவாக வேண்டும். விபத்துக்குப் பின், இறந்தவர் தம் ஆள் அல்லர் என்று உரிமையாளரும் குத்தகைதாரரும் ஒருவரையொருவர் காட்டும்போது, வேலைக்குச் சேர்ந்ததற்கான சான்று எதுவும் இல்லாத குடும்பம் இழப்பீடு கேட்டு அலைய நேர்கிறது. அந்தப் பதிவு இருந்தால் உரிமையாளரும் குத்தகைதாரரும் சேர்ந்தே பொறுப்பேற்க வேண்டியிருக்கும்.