இலவச ஏஐ சேவைகளுக்கு நடுவே இந்திய புத்தொழில் நிறுவனங்கள் நிலைப்பது எப்படி?

பெங்களூரு: ஏர்டெல் நிறுவனம் தனது 36 கோடி வாடிக்கையாளர்களுக்கு 'பெர்பிளெக்சிட்டி ப்ரோ' சேவையை ஓராண்டுக்கு இலவசமாக வழங்குவதாக 2025 ஜூலையில் அறிவித்தது. அக்டோபர் இறுதியில் ஜியோ நிறுவனம், கூகுளின் 'ஜெமினி ப்ரோ' சேவையை 18 மாதங்களுக்குக் கட்டணமின்றி அளிப்பதாகத் தெரிவித்தது. மாதம் ரூ.399 கட்டணத்தில் அறிமுகமான 'சாட்ஜிபிடி கோ' திட்டத்தை, ஓபன்ஏஐ நிறுவனம் நவம்பர் 4 முதல் இந்தியப் பயனர்களுக்கு ஓராண்டு இலவசமாக்கியது.

பயனர்களுக்கு இவை சலுகைகள். ஆனால், இதே சந்தையில் கட்டணம் வசூலித்து நிலைபெற வேண்டிய இந்திய ஏஐ புத்தொழில் நிறுவனங்களுக்கு இது பெரும் சவால்.

ஒவ்வொரு பதிலுக்கும் செலவு

வழக்கமான மென்பொருளை ஒருமுறை உருவாக்கிவிட்டால், கூடுதலாக ஒருவருக்கு விற்பதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. கட்டுரை, படம், குரல் போன்றவற்றை உருவாக்கித் தரும் ஜெனரேட்டிவ் ஏஐ சேவையில் நிலைமை வேறு. ஒவ்வொரு கேள்விக்கும் ஜிபியு எனப்படும் விலை உயர்ந்த சில்லுகள் இயங்க வேண்டும்.

உதாரணமாக, ஒரு நிறுவனம் மாதம் ரூ.400 கட்டணம் பெறுகிறது, ஒரு பதிலுக்கு 50 காசு செலவாகிறது என்று கொள்வோம். நாளொன்றுக்கு 10 கேள்விகள் கேட்பவருக்கு மாதம் ரூ.150 செலவாகும். 30 கேள்விகள் கேட்பவருக்கு ரூ.450 செலவாகும். அதாவது, சேவையை மிகவும் விரும்பிப் பயன்படுத்தும் வாடிக்கையாளரால் நிறுவனத்துக்கு நட்டமே ஏற்படும்.

இந்திய மொழிகளில் இந்தச் சுமை மேலும் கூடுகிறது. ஏஐ மாதிரிகள் சொற்களை 'டோக்கன்' எனும் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கையாளுகின்றன. கட்டணமும் பெரும்பாலும் டோக்கன் கணக்கிலேயே அமைகிறது. ஆங்கில வாக்கியத்தைவிட அதே பொருளுள்ள தமிழ் அல்லது இந்தி வாக்கியத்துக்குப் பல மாதிரிகளில் அதிக டோக்கன்கள் தேவைப்படுகின்றன.

ஜாஸ்பர் தரும் பாடம்

பிறருடைய மாதிரியை மட்டுமே நம்பித் தொழில் நடத்துவதிலும் ஆபத்து உண்டு. விளம்பர வாசகங்களை எழுதித் தரும் அமெரிக்க நிறுவனமான ஜாஸ்பர், ஓபன்ஏஐயின் மாதிரியைப் பயன்படுத்தி வளர்ந்தது. 2022 அக்டோபரில் அதன் மதிப்பு 150 கோடி டாலராகக் கணிக்கப்பட்டது. அடுத்த மாதமே ஓபன்ஏஐ நேரடியாக சாட்ஜிபிடியை இலவசமாக வெளியிட்டது. 2023 ஜூலையில் ஜாஸ்பர் ஆட்குறைப்பில் இறங்கியது.

வருவாய்க்கான வழிகள்

எனவே, பொதுமக்களிடம் மாதச் சந்தா பெறுவதைவிட, நிறுவனங்களுக்குக் குறிப்பிட்ட பணியைச் செய்து கொடுத்து, பயன்பாட்டுக்கு ஏற்பக் கட்டணம் பெறும் முறை வலுவானதாகக் கருதப்படுகிறது. பெங்களூருவைச் சேர்ந்த சர்வம் ஏஐ நிறுவனம், இந்திய மொழிகளில் தொலைபேசியில் உரையாடும் குரல் உதவியாளரை நிமிடத்துக்கு ரூ.1 என்ற தொடக்கக் கட்டணத்தில் 2024 ஆகஸ்டில் அறிமுகப்படுத்தியது. இதில் பயன்பாடு கூடும்போது வருவாயும் கூடும். வாடிக்கையாளர் நிறுவனமும் இக்கட்டணத்தைத் தனது அழைப்பு மையச் செலவோடு ஒப்பிட்டு முடிவெடுக்கலாம்.

பலனுக்கு மட்டும் கட்டணம் பெறுவது மற்றொரு முறை. இன்டர்காம் நிறுவனத்தின் 'ஃபின்' சேவை, தீர்த்து வைக்கும் ஒவ்வொரு வாடிக்கையாளர் கேள்விக்கும் 0.99 டாலர் என்ற அடிப்படையில் கட்டணம் நிர்ணயித்தது. கேள்வி தீராவிட்டால் வருவாய் இல்லை என்பதால், ஏஐ தவறு செய்வதால் ஏற்படும் இழப்பை விற்பவரே ஏற்க வேண்டியிருக்கும்.

செலவைக் குறைப்பதும் இதே அளவு முக்கியம். எளிய கேள்விகளைச் சிறிய மாதிரிகளுக்கு அனுப்புவது, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளுக்கான பதில்களைச் சேமித்து வைப்பது, இந்திய மொழிகளைக் குறைந்த டோக்கன்களில் கையாளும் மாதிரிகளைத் தேர்ந்தெடுப்பது ஆகியவை இதற்கான வழிகள்.

மானியம் எவ்வளவு உதவும்?

மத்திய அமைச்சரவை 2024 மார்ச்சில் சுமார் ரூ.10,372 கோடி மதிப்பிலான 'இந்தியாஏஐ' இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. இதன்கீழ் தகுதியுள்ள நிறுவனங்கள் ஜிபியு வசதியை 40 சதவீதம் வரையிலான மானியத்தில் பெற முடியும். மாதிரிகளை உருவாக்கும் தொடக்கக் கட்டத்தில் இது பேருதவி. எனினும், மானியத்தைக் கழித்துவிட்டுக் கணக்கிட்டாலும் ஒரு பதிலுக்கு ஆகும் செலவைவிட அதன்மூலம் கிடைக்கும் கட்டணம் அதிகமாக இருந்தால்தான், உதவி முடிந்த பிறகும் தொழில் தொடர்ந்து நடக்கும்.