குதிரை லாயம் வீடானது!

காஞ்சிபுரத்திலும் பக்கத்து ஓரிக்கையிலும் பட்டு நெசவாளர் வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பல வீடுகளில் நல்ல இடம் தறிக்குத்தான். வெளிச்சமும் நீளமும் உள்ள கூடத்தைக் குழித்தறி பிடித்துக் கொள்ளும். மிச்ச இடத்தில் குடும்பம் சமைக்கும், படுக்கும்.

லண்டன் மாநகரிலும் இப்படி ஒதுங்கி வாழ்ந்தவர்கள் உண்டு. அங்கே நல்ல இடம் குதிரைக்கு! அந்த வீடுகளுக்கு "மியூஸ்" என்று பெயர்.

பெயர் வந்த கதை

அரசரின் வேட்டைப் பறவைகளை, இறகு உதிரும் காலத்தில் அடைத்து வைக்கும் கூடத்துக்குத்தான் முதலில் அந்தப் பெயர். லண்டன் சேரிங் கிராசில் இருந்த அந்தக் கட்டிடம் 1534-ல் தீப்பிடித்து எரிந்தது. பிறகு அதே இடத்தில் குதிரை லாயம் கட்டினார்கள். பறவைகள் போய்விட்டன, பெயர் போகவில்லை. நாளடைவில் மற்ற லாயங்களுக்கும் அதுவே பெயராயிற்று.

சீமான்களின் மாளிகைகள் பெரிய தெருவைப் பார்த்து நிற்கும். கொல்லைப்புறத்தில் கல் பாவிய சந்து. அந்தச் சந்தில்தான் மியூஸ் வீடுகள். கீழே சாரட்டு வண்டியும் குதிரைகளும். வண்டி நுழைய அகலமான இரட்டைக் கதவு. மாடியில் வைக்கோல் பரண். அதை ஒட்டிய ஒன்றிரண்டு சிறிய அறைகளில் வண்டிக்காரர், அவர் மனைவி, குழந்தைகள். இரவு பகலாக லாயத்து வாடை வேறு!

ஜன்னல் இல்லாத சுவர்

கவனிக்க வேண்டியது பின்சுவர். பல வீடுகளில் அதில் ஒரு ஜன்னல்கூட இல்லை. கட்டத் தெரியாமல் அல்ல. அந்தப் பக்கம் எஜமானரின் தோட்டம். அங்கே உலாவும் சீமாட்டியை வண்டிக்காரர் வீட்டார் பார்த்துவிடக் கூடாதாம்! குழந்தைகளுக்குக் காற்று வேண்டுமே என்று யாரும் நினைக்கவில்லை.

மோட்டார் கார் வந்தது. லாயங்கள் காலியாயின. 1914-18 யுத்தத்துக்குப் பிறகு பல லாயங்கள் வீடுகளாக மாறின. துப்பறியும் கதைகள் எழுதிய அகதா கிறிஸ்டி அம்மையார் 1929-ல் கிரெஸ்வெல் பிளேஸ் என்ற இடத்தில் அப்படி ஒரு வீட்டை வாங்கினார். 1937-ல் "மர்டர் இன் தி மியூஸ்" என்ற புத்தகமும் வெளியிட்டார்.

வண்டி நின்ற இடம் இன்று கூடம். இரட்டைக் கதவு இருந்த இடத்தில் சிலர் பெரிய ஜன்னல் வைத்தார்கள். சிலர் கார் நிறுத்துகிறார்கள். வைக்கோல் பரண் படுக்கை அறையாயிற்று. வண்டிக்காரர் குடியிருந்த அந்த வீட்டை வாங்க இன்று பல கோடி ரூபாய் வேண்டும்.

பின்சுவர் மட்டும் பல வீடுகளில் இன்னும் அடைபட்டே இருக்கிறது. கூரையில் கண்ணாடி பதித்து வெளிச்சத்தை இறக்கிக் கொள்கிறார்கள்.